ரப்பர் சீவாளி

கன்னிசன், கொலராடோ
ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் துப்பாக்கி வாங்கிவிட்டேன் என்றும், வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு காருக்குள் கத்துகிறேன் என்றும் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். துப்பாக்கி பொய். நான் வாங்கியது வில். ரப்பர் உண்மை, வேட்டையில் மானை அதன் குரலிலேயே கூப்பிடும் ஊதல் அது. விளக்கமாக எழுதச் சொன்னீர்கள். ஆயுசு முழுக்க நாயனம் வாசித்த உங்களுக்கு இதை எழுதுவதில் ஒரு வசதி, பாதியைச் சொல்லாமலே விட்டுவிடலாம்.

இந்த ஊர் ஊட்டியைவிட நூறு மீட்டர் உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. வந்த புதிதில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது, உதடு வெடித்தது. ஜனவரியில் சில ராத்திரிகள் மைனஸ் முப்பது வரை போகும். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேட்டைக்காரர்கள். செப்டம்பர் லீவுக்கு வருஷ ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இவர்களுக்கு வேட்டை என்றால் முதலில் எல்க்தான்.

எல்க் மான் ஜாதி. நம் கடமானைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும், பெண் இருநூறுக்கு மேல். கொம்பு ஆணுக்கு மட்டும்தான். பனி உருகும் காலத்தில் உதிர்ந்து, கோடை முழுக்க மறுபடி வளர்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மேல்தோல் உரிந்து கூராக நிற்கும். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் கொலராடோ அளவுக்கு எல்க் இல்லை, இரண்டரை லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். இத்தனைக்கும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சுரங்கம் தோண்ட வந்தவர்களும் கறி வியாபாரிகளும் சுட்டுத் தள்ளியதில் இங்கே இனமே அற்றுப்போகும் நிலைமை. 1910-களில் பக்கத்து வயோமிங்கிலிருந்து பிடித்துவந்து விட்டுத்தான் திரும்பப் பெருகியது.

செப்டம்பர் அதன் இணைசேரும் காலம். அப்போது ஆண் எல்க் போடும் சத்தத்தை பியூகிள் என்கிறார்கள். நேரில் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து மெல்லிய சீட்டி! கீழே உறுமலாக ஆரம்பித்து, படிப்படியாக மேலே ஏறி, தார ஸ்தாயியில் கொஞ்சம் நின்று, சட்டென்று விழுந்து, கடைசியில் ‘ஹக் ஹக்’ என்று முடியும். 2016-ல் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை இதை அளந்து காட்டியது. ஒரே மூச்சில் இரண்டு ஒலி எழுப்புகிறதாம். அடியில் 150 ஹெர்ட்ஸ் அளவில் கர்ஜனை, மேலே 4000 ஹெர்ட்ஸைத் தொடும் சீட்டி. நீங்கள் இருந்தால் சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

பெண்ணின் குரல் வேறு. மேலே தொட்டு, வழுக்கிக் கீழே இறங்கும் ஒரு சின்ன ‘மியூ’. ஒரு விநாடிகூட நீளாது. கன்றின் குரலும் அதேதான், இன்னும் மெல்லியது, இன்னும் சின்னது. கூட்டமாக மேயும்போது நாள் முழுக்க ஒன்றையொன்று இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகக் கற்கிறவனுக்கு வேண்டியது இந்த மியூ ஒன்றுதான் என்பது என் கட்சி.

கடையில் மூன்று வகை ஊதல் தொங்குகிறது. ஒன்று கைப்பம்பு. ரப்பர் குடுவையை அமுக்கினால் ஒரு மியூ வரும். யார் அமுக்கினாலும் வரும், எப்போது அமுக்கினாலும் அதே மியூதான் வரும். அதுதான் அதன் குறை. இரண்டாவது கடித்து ஊதுவது. விரல் நீளக் குழாயின் மேல் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று படுத்திருக்கும். பல்லோ உதடோ அந்த நாக்கில் எந்த இடத்தில் அழுத்துகிறதோ அதைப் பொறுத்துச் சுரம் ஏறும், இறங்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் சுமாரான மியூ வந்துவிடும். புதிதாக ஆரம்பிக்கிறவன் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும்.

பிறகு ஏன் வாயில் ரப்பர் என்று கேட்பீர்கள். வில்லை இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். எல்க் முப்பது கஜத்தில் நடந்துபோகிறது, நாணை இழுத்தாகிவிட்டது, அதை ஒரு கணம் நிற்கவைக்க வேண்டும். அந்த நேரத்தில் வாய்தான் மிச்சம். மெல்ல ஒரு மியூ கொடுத்தால் பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும். இந்தக் காரியத்துக்குத்தான் மூன்றாவது வகை, டயஃப்ரம்.

லாட வடிவத்தில் ஒரு சின்ன உலோகச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ் தாள், சுற்றிலும் துணி டேப். இதை மேலண்ணத்தில் ஒட்டவைக்க வேண்டும், நேரான விளிம்பு முன்பல் பக்கம். நாயனத்தின் சீவாளி உதட்டுக்கு நடுவில் நிற்கிறது, இது நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நிற்கிறது. மற்றபடி கதை ஒன்றுதான் மாமா. எச்சில் பட்டுப் பதமாக வேண்டும், மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும், ஒன்றைப்போல் இன்னொன்று பேசாது. லேடெக்ஸ் மெல்லியதாக, தளர்வாக இருந்தால் பெண் குரலுக்கு இழையும். தடித்த இரண்டு மூன்று தாள் வைத்தது பியூகிளின் காற்றைத் தாங்கும். ஒன்று பத்துப் பன்னிரண்டு டாலர் ஆகும். அண்ணம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் இரண்டு மூன்று கம்பெனியின் மெல்லிய ரகங்களை வாங்கிப் பார்ப்பதுதான் புத்தி. டேப் அகலமாக இருந்தால் குமட்டும், கத்தரிக்கோலால் மயிரிழை மயிரிழையாக நறுக்கிக்கொள்ளலாம்.

பழகும் விதத்தை லேபில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். முதலில் சத்தமே எழுப்பாதே, சும்மா வாயில் வைத்துக்கொண்டு கார் ஓட்டு என்றார். குமட்டல் அடங்கின பிறகு ஓரங்களில் காற்றுக் கசியாமல் ஊதிப் பார்க்க வேண்டும். பிறகு நாக்கின் நடுப்பகுதியை லேசாக மேலே அழுத்தி ஒரே ஒரு நேர்ச்சுரம். அது ஆடாமல் நின்றால்தான் அடுத்தது. அழுத்தினால் ஏறும், தளர்த்தித் தாடையை இறக்கினால் இறங்கும். ஏறின இடத்திலிருந்து இறக்கிவிட்டால் மியூ. சரளி வரிசை தாண்டாமல் கீர்த்தனைக்குப் போகாதே என்று என் மண்டையில் நீங்கள் குட்டினது ஞாபகம் வந்தது. வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுகிறது, அதனால்தான் கார்.

உபயோகித்தபின் கழுவி, தாள்களுக்கு நடுவில் பல்குச்சி செருகி, நிழலில் காயவைக்க வேண்டும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டால் லேடெக்ஸ் செத்துப்போகும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒரு சீசன் தாங்கினால் அதிகம்.

கடைக்குள் நுழைகிற எல்லோருக்கும் கண் போவது பியூகிள் டியூபின் மேல்தான். பேஸ்பால் மட்டை அளவுக்கு வளையம் வளையமான பிளாஸ்டிக் குழாய். டயஃப்ரத்தை வாயில் வைத்து இதற்குள் ஊதினால் மலை அதிரும். சீவாளிக்கு நாயனத்தின் உலவுக் குழலும் அணசு வாயும் கிடைத்த மாதிரி. நான் இன்னும் வாங்கவில்லை. பெண்களைச் சேர்த்துவைத்திருக்கும் பெரிய ஆண், பக்கத்தில் இன்னொரு ஆணின் சவாலைக் கேட்டால் சில சமயம் சண்டைக்கு வரும். பல சமயம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும். சின்ன ஆண்கள் பயந்து ஒதுங்கும். மியூவுக்கு எல்க் சாதாரணமாகப் பயப்படாது. இன்னொரு தமாஷும் உண்டு. அரசாங்க நிலத்தில் பதில் பியூகிள் கேட்டு ஆசையாகப் பதுங்கிப்போனால், மரத்துக்குப் பின்னால் குழாயும் கையுமாக இன்னொரு வேட்டைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

எல்க் மாதிரி ஊதுவதற்கு உலகப் போட்டிகூட நடக்கிறது. 1984-ல் மொண்டானாவில் தொடங்கிய ராக்கி மவுன்டன் எல்க் ஃபவுண்டேஷன் நடத்துவது அது. ஜெயித்தவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. தேவையில்லை. ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் செப்டம்பர் சாயங்காலம் சாலையோரம் நின்றால் நிஜக் குரல்களைக் கேட்கலாம் (அங்கே நாம் ஊதல் ஊதுவது குற்றம், எழுபத்தைந்து அடிக்குள் நெருங்கவும் கூடாது). அதில் பாதி, போட்டி மேடையில் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும். பிசிறு, உடைசல், மூக்கால் அழுகிற குரல். எல்க் சுருதி சுத்தம் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறு இரண்டு. சத்தம் வந்த இடத்தில் பெண் எல்க் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கும். காற்றில் மனுஷ வாடை இருக்கிறதா என்று மூக்கால் பார்க்கும்.

முதலாவதற்காகத்தான் இரண்டு பேராகப் போவது. வில்காரர் முன்னால், ஊதுகிறவர் நாற்பது ஐம்பது கஜம் பின்னால், நடுவில் மரமோ மேடோ மறைக்க. எல்க் சத்தத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு வரும். அந்த இடம் கண்ணில் படும் தூரத்தில் நின்று, பெண்ணைக் காணோம் என்றால் அதற்குமேல் ஓர் அடி வைக்காது. அப்படி நிற்கிற இடத்தில் வில்காரர் இருக்க வேண்டும்.

காற்று இன்னும் பொல்லாதது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே வழியும், வெயில் ஏறியதும் அதே காற்று மேலே கிளம்பும், சாயங்காலம் மறுபடி கீழே. போன செப்டம்பரில் மேலே சொன்ன மூத்தவருக்குத் துணையாகப் போயிருந்தேன். ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. அவர் இரண்டு மூன்று மியூ கொடுத்தார், அவ்வளவுதான். பிறகு நீண்ட நேரம் மௌனம். எனக்கு இன்னொன்று கொடுத்தால் என்ன என்று இருந்தது, அவர் தலையை ஆட்டிவிட்டார். பதில் சத்தம் எதுவும் இல்லாமல், ஒரு சுள்ளி முறியாமல், கொம்பு மட்டும் மரங்களுக்கு நடுவில் நகர்ந்து வந்தது. அறுபது கஜத்தில் நின்றது. அதற்குள் சரிவின்மேல் வெயில் விழுந்துவிட்டது, என் பின்கழுத்தில் இதமாகக் காற்றுப் பட்டது. எல்க் நாய் மாதிரி ஒரே ஒரு குரைப்புக் குரைத்துவிட்டுத் திரும்பி நடந்தது. குரைப்பு என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை. அந்தச் சரிவில் அன்றைக்கு வேலை முடிந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினார்.

ஆசையாக வருகிற ஜீவனை ஏமாற்றி அடிப்பது தர்மமா என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசிக்காமல் இல்லை. அம்பு தூரத்திலிருந்து போனால் இடம் தவறும், காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். கூப்பிட்டுக் கிட்டே வரவைத்தால் நெஞ்சில் படும், சீக்கிரம் முடியும். வில்லின் இழுவை முப்பத்தைந்து பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. மின்கருவியில் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிடுவதற்குத் தடை. தன் மூச்சில்தான் ஊத வேண்டும். அடித்த மிருகத்தின் கறியை வீணாக்கினாலும் குற்றம். இதெல்லாம் உங்களுக்குப் பதிலாகாது என்று தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள் என்பது ஒருவேளை ஆறுதலாக இருக்கும்.

கிடைத்தால் எண்பது கிலோ கறி வரும். இங்கே மான்களுக்கு மூளையைத் தின்னும் ஒரு நோய் பரவியிருக்கிறது, அதனால் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்தபிறகுதான் நான் சமைப்பேன், லேப்காரன் புத்தி. கறியில் கொழுப்பே கிடையாது, ஆட்டுக்கறிப் பக்குவத்தில் வைத்தால் விறகாகிறது. அத்தை முயலுக்கு என்ன செய்வாள் என்று கேட்டு எழுதுங்கள்.

வில்காரர்களுக்கு செப்டம்பர் 2 முதல் 30 வரை சீசன். மலையில் போன் எடுக்காது. அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

உங்கள் மருமகன்,
குமார்