பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முன்

பாப்பாரப்பட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

கனடாக் குடியுரிமை உறுதிமொழிக்குத் தேதி வந்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. உன் பெரிய மாமா, "அப்போ இனிமே அவ நம்ம நாட்டுக்காரி இல்லியா?" என்கிறார். போனை வைக்கும்போது நீயும் அதையேதான் வேறு மாதிரி கேட்டாய், இது தப்பா அம்மா என்று. தப்பில்லை கண்ணு. தப்பென்று மனசுக்குள் வைத்துக்கொண்டு செய்கிறவர்கள்தான் காகிதத்தில் தப்புச் செய்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனசு வராமல் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். ஓட்டர் லிஸ்டில் பேர் இருந்துட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு ஊரில் ஒரு காணி நிலமாவது இருக்கட்டும் என்று பெற்றவர்கள் அவசரமாகப் பத்திரம் எழுதுவார்கள். எல்லாம் பாசத்தில் செய்வது, பின்னால் இழுத்தடிப்பதும் அதுவேதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டின் குடியுரிமையை நீயாக விரும்பி வாங்கிய அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். நீ எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் வந்து பறிக்க வேண்டியதுமில்லை. பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருஷம் பாக்கி இருக்கிறதே என்பது செல்லாது. உறுதிமொழி எடுத்த மறுநாள் அதைக் காட்டி விமானம் ஏறினால் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. கனடாக்காரர்கள் பழையதை விடச் சொல்வதில்லை, இரண்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே யாராவது சொன்னால், அது அவர்கள் பக்கத்துச் சட்டம் மட்டும்தான்.

ஆகவே வரிசை முக்கியம். உறுதிமொழி, குடியுரிமைச் சான்றிதழ், கனடா பாஸ்போர்ட், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ், கடைசியில் ஓசிஐ அட்டை, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இந்தியா கொடுக்கும் அட்டை. ஒன்று கையில் வந்தால்தான் அடுத்ததற்கு விண்ணப்பிக்க முடியும். இதில் பலர் மாட்டிக்கொள்வது நடுவில் வரும் இடைவெளியில். உறுதிமொழி முடிந்து புதுப் பாஸ்போர்ட் வரும்வரை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் நீ வெளியே போக முடியாது. புதுசு வந்த பிறகும் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும், இல்லை ஓசிஐ வேண்டும். அதனால் பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு அதற்கு முந்தின மாதம் உறுதிமொழி வைத்துக்கொள்ளாதே. தேதி மாற்றிக் கேட்க முடிந்தால் கேள். இல்லையென்றால் பயணத்தைத் தள்ளு. பாட்டிக்கு உடம்பு சரியில்லாத இந்த நேரத்தில் இதை நன்றாக யோசித்து முடிவு செய்.

விசாவில் காலத்தை ஓட்டலாம், ஓசிஐ எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டாராமே. 2023 செப்டம்பரில் இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்தபோது கனடாக்காரர்களுக்கு இந்தியா விசா கொடுப்பதையே நிறுத்தியது. இ-விசா திரும்ப வந்தது நவம்பரில்தான். ஓசிஐ வைத்திருந்தவர்கள் அப்போதும் வந்து போனார்கள். இந்த ஒரு காரணம் போதும்.

ஓசிஐ என்றால் ஆயுசுக்கும் விசா. எத்தனை நாள் தங்கினாலும் போலீஸ் பதிவு வேண்டாம், வீடு, மனை வாங்கலாம், பேங்க் விஷயங்களில் வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு உள்ள உரிமைகள் கிடைக்கும். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை பொதுவாகக் கிடையாது. 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி ஆராய்ச்சி, பத்திரிகை வேலை, மதப் பிரச்சாரம், மலையேற்றம் இவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். குட்டிக்கு நம் ஊர் மெடிக்கல் காலேஜ் என்று உன் அப்பா கனவு காண்கிறார். அதே அறிவிக்கைப்படி நீட் எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடம், அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடம் போன்றவற்றுக்குத்தான் போட்டி போட முடியும். அவரிடம் இதை நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டார்.

ஓசிஐ போட்டோ 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், பின்னணி வெளிர் நிறம், ஆனால் வெள்ளை கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எத்தனையோ விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. குட்டிக்கும் சேர்த்தே போடு. அவனுக்கு 20 வயது முடிந்து புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை அட்டையை மாற்ற வேண்டும். மற்ற சமயத்தில் பாஸ்போர்ட் மாறினால் மூன்று மாதத்துக்குள் புதுப் பிரதியையும் போட்டோவையும் இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

பழைய பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனசில்லை என்றாயே, அதை ரத்து செய்து முத்திரை குத்திப் பெரும்பாலும் உன்னிடமே திருப்பித் தருவார்கள். அனுப்புவதற்கு முன் கடைசியில் அப்பா, அம்மா பேர், விலாசம் இருக்கிற பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வை. எங்களுக்குப் பிறகு நீ இன்னாருடைய மகள் என்று இங்கே நிரூபிக்க அந்தப் பக்கம்தான் உதவும்.

ஓட்டர் லிஸ்டிலிருந்து பேரை எடுக்கப் படிவம் 7. ரேஷன் கார்டில் உன் பேர் இன்னும் இருக்கிறது, அதை இந்த வாரமே நான் எடுத்துவிடுகிறேன். சர்க்கரைக்காக ஒரு பேரை வைத்துக்கொண்டு பின்னால் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கான கணக்காக மாற்றினாயா? அது நீ அங்கே குடியேறிய அன்றே செய்திருக்க வேண்டியது.

இனி நிலம். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

குடியுரிமை மாறினால் கிணற்றுமேட்டுப் புஞ்சையில் உனக்குப் பங்கில்லை என்று உன் சித்தப்பா சொல்வது சரியில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளா, மகனா என்று பார்ப்பதை 2005-லேயே விட்டுவிட்டது. தமிழ்நாடு அதற்கு முன்பே 1989-ல் திருத்தம் கொண்டுவந்தது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அது கேட்பதே இல்லை. கட்டுப்பாடு வருவது அந்நியச் செலாவணி விதியிலிருந்து. அதன்படி விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் இவற்றை நீ விலைக்கு வாங்கக் கூடாது, தானமாகவும் பெறக் கூடாது. வாரிசாக வரலாம், உயில் மூலமும் வரலாம். இன்னொன்றையும் பார், இந்தத் தடை உறுதிமொழியால் வருவதல்ல. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் இதே விதிதான். நீ அங்கே நிரந்தரமாகப் போன நாளிலிருந்தே இது உன்மேல் இருக்கிறது.

இதில்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள். "உயிரோட இருக்கும்போதே புள்ளை பேருக்குப் பண்ணிடலாம்" என்று அப்பா தானமாகச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடுவார். பதிவும் ஆகிவிடும், பட்டாவும் மாறிவிடும். பத்து வருஷம் கழித்து விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகப் பார்க்கும்போது, இந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்தது என்று பேங்க் கேட்கும். தானம் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். அங்கே நின்றுவிடும். உயிலாக எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். அதனால் உன் பங்குக்கு அப்பா உயில்தான் எழுதுவார். சாட்சி இரண்டு பேர், நிலத்தில் பங்கில்லாதவர்களாக, வயதில் எங்களைவிடச் சின்னவர்களாக. பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் செய்துவிடுவோம்.

தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று நீ பிற்பாடு நினைத்தால் உன் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அவன் இங்கே குடியிருப்பவன், அதனால் தடையில்லை. உன்னைப்போல் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு விவசாய நிலத்தை விற்கவோ கொடுக்கவோ முடியாது. நேரில் வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரம் அனுப்பு. அதிலும் பொது அதிகாரம் வேண்டாம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, செய்யவேண்டிய காரியம் இத்தனையும் குறித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடு. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போடலாம், அல்லது நோட்டரியிடம் போட்டு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காகிதம் செல்லுபடியாக அங்குள்ள அரசு கொடுக்கும் சான்று வாங்கலாம். 2024 ஜனவரியிலிருந்து கனடாவும் அந்த முறைக்கு வந்துவிட்டது. காகிதம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் கவரைத் தூக்கிப் போடக்கூடாது, வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

பட்டாவைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே மூன்றாம் சார்லஸ் மன்னர் பேரைச் சொல்லி உறுதி எடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாய். நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இந்தப் பட்டா முறையே, 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற நம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனபிறகு அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே நிலம் அளந்து, ரயத்துக்கே, அதாவது உழவனுக்கே நேராகத் தீர்வை போட்டதிலிருந்து வளர்ந்ததுதான். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1930-ல் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை போனவர். அவரே 1948 ஜூனிலிருந்து குடியரசு ஆன நாள்வரை கவர்னர் ஜெனரலாக, அதாவது ஆறாம் ஜார்ஜின் பிரதிநிதியாக இருந்தார். அதனால் அவருடைய நாட்டுப்பற்று குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. உனக்கு ஆண்டவன் மேல் ஆணையிட வேண்டாமென்றால் வெறும் உறுதி கூறலாம், இரண்டுக்கும் அங்கே இடமுண்டு. அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் உரிமையை மதிப்பேன் என்றும் அதே வாசகத்தில் வருகிறது. மன்னரைவிட அந்த வரியைத்தான் நீ கவனித்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊர்ப்பற்று பிறப்பில் வருவது என்பதும் எனக்கு அவ்வளவாக ஒப்பில்லை. நம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் பிறந்தவர். சிறையில் தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏறக்கூடாது என்று தடையும் வாங்கி, கடைசியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட அவர் தேர்ந்தெடுத்தது பாப்பாரப்பட்டியை. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் போட்டார், 1925 ஜூலை 23-ல் சிவா இங்கேயே இறந்துபோனார். ஓசூர்ப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எது உங்க ஊர் என்று கேட்டால் ஓசூர் என்று யோசிக்காமல் சொல்வார்கள். வேடியப்பன் என்று நாம் பொங்கல் வைக்கும் கல்லில் பலவும் ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட நடுகல். அவன் கையில் வில்லும் இடுப்பில் குறுவாளும் செதுக்கியிருப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். அவன் எந்த ராஜாவின் குடி என்பதைக் கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். மாடு எங்கள் ஊர் மாடு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஓட்டு போய்விடுகிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. கிராம சபையில் எழுந்து நின்று தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை ஓட்டர் லிஸ்டில் இருப்பவர்களுக்குத்தான். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறிப் பல்லெல்லாம் பழுப்பாகிப்போன நம் ஜில்லாவில் அது சின்ன விஷயமில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது, ஜப்பான் கடன் கொடுத்து. இனி அங்கே உன் தெருவில் தண்ணீர், பள்ளிக்கூடம் என்று கூட்டம் போட்டால் போய் உட்கார். ஒரு இடத்தில் கேட்கும் உரிமையை விட்டாய் என்றால் இன்னொரு இடத்தில் அதை எடுத்துக்கொள்ளத்தான்.

திரும்பி வரவே முடியாதா என்று கேட்டாய். முடியும். ஓசிஐ அட்டை 5 வருஷம் இருந்து, விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இங்கேயே குடியிருந்தால் மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்கலாம். அப்போது கனடாக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும்.

கடைசியாகப் பேர். உன் இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பேராக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், ஆதாரில் கடைசி எழுத்து வேறு. கனடாச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரட்டும். அழகாக இருக்கிறது என்று மாப்பிள்ளை பேரைச் சேர்க்காதே. சேர்த்தால் நாளைக்கு வாரிசுச் சான்றிதழுக்கு பழைய பேரும் புதுப் பேரும் ஒரே ஆளுடையவைதான் என்று நிரூபிக்கத் தாசில்தார் ஆபீசில் தம்பி நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

படிவத்தை நிரப்பியதும் அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் போடு, எழுத்தைச் சரிபார்த்துச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதுக்குமேல் போடாதே, அப்பா போனை அணைத்துவிடுவார்.

அன்புடன்
அம்மா