வாங்கி விற்பதா, வாடகைக்கு விடுவதா?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மூத்தவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர்மென்ட் பணத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிபண்ணி, ஆறே மாதத்தில் விற்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். 2023-இல் நானும் அதைத்தான் செய்தேன். கணக்கை அப்படியே எழுதுகிறேன், பார்.

திருச்சி கே.கே. நகரில் அந்த வீட்டை 38 லட்சத்துக்கு முடித்தேன். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதிலேயே 3 லட்சத்து 42 ஆயிரம் போயிற்று. பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று புரோக்கர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது தப்பு, அதோடு விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும். மராமத்துக்கு 5 லட்சம் ஒதுக்கியிருந்தேன். குளியலறை சீலிங்கில் காரை உப்பியிருந்த இடத்தைக் கொத்தனார் சுத்தியலால் தட்டினார், பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. கடைசியில் செலவு ஏழரை லட்சத்தில் நின்றது. 54 லட்சத்துக்கு விற்றுமுடிக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. இரண்டு வருஷத்துக்குள் விற்றதால் லாபத்தை மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டியிருந்தது. கமிஷன், பேங்க் வட்டி, வரி எல்லாம் போகக் கையில் மிஞ்சியது ஒன்றேகால் லட்சம், அவ்வளவுதான்.

உறையூர் வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். மாதம் 11,000 வாடகை. வீடு இன்றைக்கு 45 லட்சம் போகும் என்றால், வருஷத்துக்கு மூன்று சதவீதம்கூட வரவில்லை. பேங்க் டெபாசிட்டில் இரண்டு மடங்கு கிடைக்கும், உண்மைதான். ஆனால் இதே வீட்டுக்கு 2016-இல் ஆறரை ஆயிரம்தான் வாங்கினேன்; வீட்டு விலையும் கூடவே ஏறியிருக்கிறது. வீட்டுவரி போக உள்ள வாடகையில் 30 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், பில் எதுவும் வேண்டாம்.

தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று போன். குடியிருப்பவர் டார்ச் பிடிக்க, சம்ப்பிலிருந்து பைப்பைத் தூக்கிப் பார்த்தால், அடி நுனியில் இருக்கும் புட்வால்வில் பாலிதீன் பை சுற்றியிருந்தது. நல்ல மனுஷர்கள், எட்டு வருஷமாக இருக்கிறார்கள், ஒரு மாத வாடகை தவறியதில்லை. நீ யாருக்கு விட்டாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடு. 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைத்தான் கேட்கிறது.

வாங்கி விற்பது, சொந்தமாக மேஸ்திரியும் ஆட்களும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க சைட்டில் நிற்கிறவர்களுக்குச் சரிப்படும். உனக்கு வேண்டாம் மாப்ள. சின்ன வீடாகப் பார், வாடகைக்கு விடு. பாதிப் பணமாவது டெபாசிட்டில் இருக்கட்டும்; ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூலப்பத்திர நகலையும் 30 வருஷ வில்லங்கச் சான்றையும் எனக்கு அனுப்பு, இங்கே வக்கீலிடம் காட்டுகிறேன். ஐப்பசியில் மதுரைக்கு வருகிறேன். மழை பெய்யும்போது போய்ப் பார்த்தால்தான் வீடு எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்