ஓடிபி திருப்பூருக்குப் போகுது சார்: தேவிகுளம் தாலுகாவிலேர்ந்து ஒரு திறந்த மடல்

உள்ளாட்சித் துறை அதிகாரிங்களுக்கும், 2025 டிசம்பர் தேர்தல்ல ஜெயிச்சு வந்த எங்க தாலுகா பஞ்சாயத்து மெம்பர்மாருக்கும்,

வணக்கம். மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் பஜார்ல சின்னதா செல் கடை வச்சிருக்கேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், டிஸ்ப்ளே மாத்துறது, இதான் தொழில். ஆனா உண்மையச் சொன்னா பாதி நேரம் நான் பாக்குறது வேற வேலை, கொழுந்து எடுத்துட்டு அஞ்சு மணிக்கு மேல அக்காமாரும் ஆத்தாமாரும் போனை நீட்டி "தம்பி இதுல என்ன வந்திருக்குன்னு பாரு"ன்னு கேப்பாங்க, நான் படிச்சுச் சொல்லுவேன், அதுக்குக் காசு வாங்குறதில்ல. அந்தக் கவுண்டர்ல நின்னு பாத்ததத்தான் இங்க எழுதுறேன்.

2025 ஆகஸ்ட் 21ல கேரளா நாட்டுலயே முதல் முழு டிஜிட்டல் சாட்சரதா, அதாவது டிஜிட்டல் எழுத்தறிவு, வந்த மாநிலம்னு அறிவிச்சீங்க. திருவனந்தபுரம் ஜில்லாவுல புல்லம்பாறைங்கிற ஒரு பஞ்சாயத்துல ஆரம்பிச்ச வேலை அது, அப்புறம் டிஜி கேரளான்னு மாநிலம் முழுக்க 83 லட்சம் வீட்டுக்கு மேல ஏறி இறங்கி கணக்கெடுத்து, ஏறக்குறைய 22 லட்சம் பேருக்கு ஒண்ணும் தெரியலன்னு கண்டுபிடிச்சு சொல்லிக் கொடுத்தீங்க. இத நான் கிண்டல் பண்ண வரல. 1991ல முழு எழுத்தறிவுன்னு அறிவிச்ச மாநிலத்துக்கு இதுவும் பெருமைதான், எங்க லயத்துக்கு (தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடுங்க) வந்த காலேஜ் பிள்ளைங்க பொறுமையா உக்காந்து வீடியோ கால் எப்படிப் பண்றது, யூடியூப் எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் எழுபது வயசு ஆத்தா ஒருத்தவங்க சங்கரன்கோவில்ல இருக்குற தங்கச்சிகிட்ட தினமும் மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க, அது சும்மா விஷயமா?

ஆனா அதே ஆத்தாவோட பென்ஷன் கதையக் கேளுங்க. வருஷா வருஷம் மஸ்டரிங், உயிரோட இருக்கேன்னு கைரேகை வைக்கணும், அதுக்குப் போறது அக்ஷயாங்கிற அரசாங்க கம்ப்யூட்டர் சேவை மையத்துக்கு. அக்‌ஷயாவுக்குப் போனா 30 ரூபா, வீட்டுக்கு வந்து எடுத்தா 50. சரி, ரூபாய விடுங்க. நாப்பது வருஷம் கொழுந்து கிள்ளுன விரல்ல ரேகை எங்க இருக்கு? மிஷின்ல வச்சா ஏறாது, துடைச்சு வச்சா ஏறாது, எண்ணெய் தடவி வச்சாலும் ஏறாது. ரேஷன் கார்டு மஸ்டரிங்கும் இதே கதைதான், 2024ல மஞ்சள் கார்டு பிங்க் கார்டு வச்சிருக்குற ஏழைக் குடும்பத்துக்காரங்க எல்லாம் கடை வாசல்ல நின்னப்ப விரல் பதியாதவங்கள்ல எங்க தோட்டத்துப் பொம்பளைங்கதான் நிறைய. கண்ணு ஸ்கேன் கேம்ப் வச்சீங்க, அப்புறம் மூஞ்சியக் காட்டுற ஆப்பும் வந்துச்சு, நல்லது, ஆனா அந்த ஆப்பு வேலை செய்யணும்னா ஆதார்ல இருக்குற நம்பருக்கு ஓடிபி வரணுமே.

இங்கதான் சிக்கல். எங்க ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேருக்கு சிம்மு அவங்க பேர்ல இல்ல. ஆதார்ல குடுத்த நம்பர் மகனோடது, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில நிக்கிறான், ஓடிபி அவனுக்குப் போகுது, மிஷின் சத்தத்துல அவன் போன் எடுக்க மாட்டான், எடுக்கும்போது டைம் முடிஞ்சிருக்கும், திரும்ப அனுப்பு, திரும்ப அவனைக் கூப்புடு. இல்லேன்னா செத்துப்போன வீட்டுக்காரர் நம்பர், ரீசார்ஜ் பண்ணாம விட்டு அது இப்ப யாரோ ஒருத்தர் கையில ஓடிக்கிட்டு இருக்கு. நம்பர் மாத்த ஆதார் சென்டருக்கு நேர்ல போனா ஒரு நாள் கூலி போச்சு, ஜீப்புக் காசு வேற. வீடியோ கால் பண்ணத் தெரிஞ்சதால இந்த ஆத்தாவ உங்க கணக்குல டிஜிட்டல் படிச்சவங்கன்னு எழுதிட்டீங்க, தப்புன்னு சொல்லல, ஆனா அவங்க காரியம் ஒண்ணுகூட அவங்க கையால நடக்கலையே.

இன்னொண்ணு, மொழி. அரசாங்கத்துக்கிட்டேர்ந்து எங்க போனுக்கு வர்ற மெசேஜ் ஒண்ணு இங்கிலீஷ், இல்லேன்னா மலையாளம். பேச்சு மலையாளம் எல்லாருக்கும் வரும், சந்தையில சண்டை போடுற அளவுக்கே வரும், ஆனா தமிழ் மீடியத்துல நாலாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு மலையாள எழுத்து ஓடாது. 1969ல கேரள சட்டசபை போட்ட ஆட்சிமொழிச் சட்டத்துலயே எழுதியிருக்கு, தமிழ், கன்னட சிறுபான்மை மக்கள் அவங்க மொழியிலயே அரசாங்கத்துக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலயே வரணும்னு. அரசியலமைப்புல 350ஆம் பிரிவும் குறைய அவங்கவங்க மொழியில சொல்லிக்கலாம்னுதான் சொல்லுது. 1956 நவம்பர் 1ல இந்தத் தாலுகா கேரளாவோட சேந்தப்ப எங்க தாத்தாமாருக்கு வருத்தம் இருந்துச்சு, இப்ப எங்களுக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது, நாங்க கேரளாக்காரங்கதான், ஓட்டும் இங்கதான். கேக்குறது இவ்வளவுதான், பேப்பர்ல குடுத்த உரிமை ஸ்க்ரீனுக்கும் வரணும். ஃபாரம் ஆன்லைன் ஆனதும் அந்தச் சட்டம் மட்டும் ஆஃப்லைன் ஆயிருச்சா?

அக்‌ஷயா பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2002ல அப்துல் கலாம் தொடங்கி வச்சு, மலப்புறம் ஜில்லாவுல முதல்ல நடந்த திட்டம் அது, வீட்டுக்கு ஒருத்தராவது கம்ப்யூட்டர் கத்துக்கணும்ங்கிறதுதான் அப்ப நோக்கம். இப்ப அங்க யாரும் கத்துக்கப் போறதில்ல, செஞ்சு வாங்கத்தான் போறோம். அங்க இருக்குற பிள்ளைங்களக் குத்தம் சொல்லல, வாசல்ல நாப்பது பேர் நிக்கும்போது அவங்க யாருக்குன்னு சொல்லிக் கொடுப்பாங்க? ஆனா இதனால ஒரு கெட்ட பழக்கம் வந்துருச்சு, போனை அப்படியே தூக்கிக் குடுத்துடறது. என் கடைக்கு வர்ற போன்கள்ல கவர் உள்பக்கம் யுபிஐ பின்னை பேனால எழுதி வச்சிருப்பாங்க. ஒரு அக்காகிட்ட எதுக்குக்கா இதுன்னு கேட்டேன், "மறந்து போயிருமேப்பா, நீ பாத்தா என்ன"ன்னு சிரிக்கிறாங்க. நான் பாத்தா ஒண்ணுமில்ல, அடுத்தவன் பாத்தா? போலீஸ் டிரஸ் மாட்டிக்கிட்டு வீடியோ கால்ல வந்து உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம்னு மிரட்டுறவன் படிச்ச டாக்டரையே ஏமாத்துறான். வீடியோ கால்ல அரெஸ்ட்டுன்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது, காசு போனா உடனே 1930க்கு கூப்புடணும், இந்த ரெண்டையும் தமிழ்ல பெருசா அச்சடிச்சு ஒவ்வொரு லயத்துலயும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற மஸ்டர் ஆபீஸ்லயும் ஒட்டுறதுக்கு எவ்வளவு செலவாகும் சார்? யூடியூப் சொல்லிக் கொடுக்குறதுக்கு முன்னாடி இதச் சொல்லியிருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எங்க ஆளுங்களுக்கு மூளை இல்லேன்னு மட்டும் யாரும் நினைச்சுடாதீங்க. 2015ல இதே பொம்பளைங்கதான் யூனியன் தலைவர்மாரயெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு பெம்பிளை ஒருமைன்னு (பொம்பளைங்க ஒத்துமை) ரோட்டுல உக்காந்து 20 சதவீதம் போனஸ் வாங்கிக் காட்டுனவங்க. இன்னைக்கும் டைப் பண்ண வராதவங்க வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ்லயே குடும்பம் நடத்துறாங்க, சீட்டு நடத்துறாங்க. காதுல தமிழ்ல கேட்டா அவங்களுக்கு எல்லாம் புரியும். அப்ப பென்ஷன் மெசேஜ தமிழ்ல ஒரு வாய்ஸ் காலா அனுப்புனா என்ன?

ரேஞ்சு விஷயம் சொல்லாம விட்டா எங்க ஆளுங்க என்னைத் திட்டுவாங்க. 2020ல ஸ்கூல் பூட்டி ஆன்லைன் கிளாஸ் நடந்தப்ப எங்க பக்கத்துப் பிள்ளைங்க சிக்னலுக்காக ராஜமலைக்கு ஏறிப்போய் மழையில குடையப் புடிச்சுக்கிட்டுப் படிச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடில மண்ணு சரிஞ்சு லயம் லயமா மூடுச்சு, 70 பேர் போயிட்டாங்க. கரண்டும் இல்ல போனும் இல்ல, வெளிய தகவல் போறதுக்கே விடிஞ்சிருச்சு. கே-ஃபோன்ங்கிற அரசாங்க இன்டர்நெட் கேபிள் 2023ல தொடங்குனப்ப 20 லட்சம் ஏழை வீட்டுக்கு இலவச நெட்டுன்னீங்க, லயம் கம்பெனி வீடு, எங்க பேர்ல ஒரு ஓடு கூடக் கிடையாது, அதனால நாங்க அந்தக் கணக்குல வருவோமான்னு யாராவது நேரா பதில் சொல்லுங்க. ஜூன் ஜூலைல காத்தடிச்சா கரண்டு போகும், கரண்டு போனா டவர் போகும், டவருக்குக் கூடுதலா பேட்டரியோ ஜெனரேட்டரோ வைக்கச் சொல்லி கம்பெனிக்காரங்கள நெருக்குறது மெம்பர்மாரால முடியாதா. எங்களுக்கே இப்படின்னா இடமலைக்குடி மக்களப் பத்தி என்ன சொல்ல, கேரளாவோட முதல் ஆதிவாசி பஞ்சாயத்து, அவங்க கதைய அவங்களே சொல்றதுதான் முறை.

இப்ப நான் கேக்குறதுக்கு வர்றேன். திரும்ப ஒரு சர்வே வேணாம். ஆதார் நம்பர் மாத்துற மிஷினோட ஒரு ஆள் எஸ்டேட்டுக்கே வரட்டும், வேலை முடிஞ்சு சாயங்காலம், டிவிஷன் டிவிஷனா. பொம்பளைங்க பேர்லயே சிம்மு எடுத்து அதையே ஆதார்ல ஏத்தணும், இது ஒண்ணு நடந்தாலே பாதிப் பிரச்சனை தீரும். பஞ்சாயத்துக்கு ஒருத்தர், தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்ச உள்ளூர்ப் பிள்ளை, சம்பளத்தோட, போனை வாங்கிச் செஞ்சு குடுக்குறதுக்கு இல்ல, பக்கத்துல உக்காந்து அவங்க விரலாலயே செய்ய வைக்கிறதுக்கு. எங்க லயத்துலயே டிகிரி முடிச்சிட்டு ரிசார்ட்டுல ரூம் கூட்டுற பிள்ளைங்க இருக்கு, தேட வேண்டியதில்ல. அதுவரைக்கும் எந்த ஆபீஸ்லயும் பேப்பர் மனுவ "ஆன்லைன்ல போடு"ன்னு திருப்பி அனுப்பாதீங்க.

இத அடுத்த கிராம சபைல அஜெண்டாவா போடணும்னு மெம்பர்மாரக் கேட்டுக்குறேன். நோட்டீஸ் தமிழ்லயும் அடிங்க. அப்புறம் தயவு செஞ்சு ஞாயித்துக்கிழமை வைங்க, வேலை நாள்ல வச்சா வழக்கம் போல ரிட்டயர்டு ஆனவங்களும் நானும்தான் வருவோம்.

இப்படிக்கு,
எஸ்டேட் பஜார் செல் கடைக்காரன்