பவுலின் கப்பலில் விரித்தது எந்தப் பாய்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்போஸ்தலர் பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோன கப்பல் சேதமானது பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெலித்தாவில் (இன்றைய மால்டா தீவு) கரை தட்டும் இடத்தில் மாலுமிகள் நடுமரத்துப் பெரும்பாயை விரித்தார்கள் என்று எழுதி, அதற்குப் பெரிதாக ஒரு படமும் போட்டிருந்தீர்களே, அது சரியில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27:40இல் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் அர்த்தெமோன். சாதாரணமாகப் பாய்க்கு இஸ்தியோன் என்ற சொல் இருந்தும் அந்த நூலை எழுதிய லூக்கா அதை எடுக்கவில்லை, புதிய ஏற்பாட்டில் வேறெங்குமே வராத இதை எடுக்கிறார். கப்பலின் அணியத்தில் (முன்முனையில்), முன்பக்கம் சாய்ந்து நிற்கும் சின்னப் பாய்மரத்தில் கட்டுகிற முன்பாய் அது.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவில்லை. பழைய தமிழ் வேதாகமத்திலும் பெரும்பாய்தான், 1611 ஆங்கில வேதாகமத்திலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 1881 திருத்தத்தில்தான் முன்பாய் ஆனது. நம் மொரீஷியஸில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பாதிப் பேர் வேதாகமத்தைப் பிரெஞ்சில் படிக்கிறவர்கள், லூயி செகோன் மொழிபெயர்ப்பில் அதே கிரேக்கச் சொல் ஆர்த்திமோன் என்று அப்படியே நிற்கிறது, ஆனால் இன்றைய பிரெஞ்சு மாலுமிக்கு ஆர்த்திமோன் என்றால் பின்மரம்! முன்மரத்துக்கு அவர்கள் மிசேன் என்பார்கள், அதே வேரிலிருந்து வந்த ஆங்கில மிசன் பின்மரமாம். சரி, நூற்றாண்டுகள் போகப் போக மரங்களின் பெயர்கள் இடம் மாறிவிட்டன, அதற்கு லூக்கா என்ன செய்வார்?

அர்த்தெமோன் முன்பாய்தான் என்று தெளிவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஸ்மித், நிலவியல் அறிஞர், சொந்தப் படகில் பாய் விரித்து ஓடியவர். 1848இல் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ரோமக் கவிஞர் ஜுவெனாலின் ஒரு பாட்டில் புயலில் அடிபட்ட கப்பல் மிச்சமிருந்த அணியத்துப் பாயை மட்டும் வைத்துக்கொண்டு வரும், அந்த வரிக்குப் பழைய உரைகாரர் எழுதிய விளக்கத்திலும் இதே அர்த்தெமோன்தான்.

அகராதியை விடுங்கள், அந்த மாலுமிகளின் நிலைமையைப் பாருங்கள். 14 இரவு புயலில் அலைந்த தானியக் கப்பல், உள்ளே 276 பேர். பாயை 17ஆம் வசனத்திலேயே இறக்கியாயிற்று, 19இல் தளவாடங்களைத் தூக்கிக் கடலில் போட்டாயிற்று. விடிந்ததும் மணற்கரையுள்ள ஒரு துறை தெரிகிறது, அங்கே கப்பலை நேராக ஓட்டி ஏற்ற வேண்டும். பின்னணியத்து நங்கூரங்களை அறுத்துவிடுகிறார்கள், கட்டி வைத்திருந்த இரண்டு சுக்கான்களையும் அவிழ்க்கிறார்கள், அப்புறம்தான் பாய். அந்த நேரத்தில் மலைபோன்ற பெரும்பாயை யார் ஏற்றுவார்கள்? முன்பாய் சின்னது, சட்டென்று ஏறும், காற்று அணியத்தைப் பிடித்துக் கரையைப் பார்த்து இழுக்கும். பாயின் பாரம் பின்னால் விழுந்தால் கப்பல் காற்றுக்குத் திரும்பிவிடும், அலை விலாவில் மோதிக் குப்புறத் தள்ளிவிடும். நம் மாயேபூரில் பாய் கட்டிய பிரோக் படகு ஓட்டுகிற மீனவர் யாரையாவது கேளுங்கள், கிரேக்கம் தெரியாமலே சொல்வார்கள்.

பாயோடு கரைக்கு வருவது நமக்கும் புதிதல்ல. புறநானூறு 30இல் ஒரு பெருங்கலம் மீப்பாயைக் களையாமலே புகாருக்குள் நுழைகிறது. அது ஆழமும் வழியும் தெரிந்த ஆற்றுமுகம் என்பதால் வந்த தைரியம். இங்கே கரையின் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது, கரையேறிய பிறகுதான் மெலித்தா என்று தெரிந்துகொள்கிறார்கள்.

கட்டுரைத் தொடரைச் சிறு நூலாகக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் முன்பாய் என்று மாற்றிவிடுங்கள். ஓவியரிடமும் சொல்லுங்கள், நடுமரம் வெறுமையாக நிற்கட்டும், அணியத்தில் சாய்ந்த சின்ன மரத்தில் ஒரு சதுரப் பாய் போதும். சுக்கான் ஒன்றுதான் வரைந்திருக்கிறார், பின்பக்கம் இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று வேண்டும்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகர் ஒருவர்