பெரியவனின் நண்பனைப் பற்றி அக்காவுக்கு

டொராண்டோ,
பிப்ரவரி கடைசி வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் கார் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலைக்குக் கிளம்ப முடிகிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தக் கவலை தீர்ந்தது. மற்ற செய்திகளை என் மனைவி தனியாக எழுதுவாள்.

நான் எழுதுவது வேறு விஷயம். பெரியவன் போட்ட போட்டோவில் பக்கத்தில் நின்ற பையனின் சட்டையில் வானவில் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "அவனோடு இவனைச் சேர விடாதே" என்று போனில் சொன்னாய். அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் அப்போது என்னால் பேச முடியவில்லை.

நீ நினைத்தது சரிதான், அந்தப் பையன் தன்பாலீர்ப்பு உள்ளவன். 'கே' என்று அவனே சொல்லிக்கொள்கிறான். தமிழ்ப் பையன்தான். பெயர் வேண்டாம். பள்ளியில் அவன் முதலில் வாய் திறந்து சொன்னது நம் பெரியவனிடம். வீட்டில் சொன்னது அதற்கு வெகுநாள் கழித்து. அம்மா அழுதுவிட்டு, அப்புறம் எப்போதும்போல் சாப்பாடு எடுத்து வைத்தார். அப்பா அன்றிலிருந்து நேராகப் பேசுவதில்லை. "அந்தத் தண்ணியை இப்படித் தள்ளச் சொல்லு" என்பதைக்கூடத் தம்பிக்காரன் வழியாகத்தான் சொல்கிறாராம். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு! பதினாறு வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும் என்று யோசித்துப் பார்.

கனடாவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. 2005இலேயே ஒரே பாலினத்தவர் திருமணம் நாடு முழுக்கச் சட்டமாகிவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை நடத்துவது 2022 ஜனவரியிலிருந்து குற்றம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012இல் வந்த சட்டப்படி, இந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்க வேண்டும் என்று கேட்டால் பள்ளி மறுக்க முடியாது. அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் அதற்குக் கட்டுப்பட்டவைதான். இந்த வாரம் பள்ளியில் எல்லாரும் பிங்க் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். 2007இல் நோவா ஸ்கோஷியாவில், ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையன் பிங்க் சட்டை போட்டான் என்று அவனைச் சிலர் மிரட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் கடைக்குப் போய்ப் பிங்க் சட்டைகளாக வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்துப் போட வைத்தார்கள். அதிலிருந்து வந்த நாள் இது. நல்ல நாள்தான். ஆனால் எல்லாரும் போடும் நாளில் பிங்க் சட்டை போடுவது சுலபம், அக்கா.

கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து உடை மாற்றும் அறையில் நடந்ததைக் கேள். இந்தப் பையன் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால் என்னவென்று கொடுப்பது? நம் பெரியவன் தன் பையைக் கொண்டுபோய் அந்தக் காலி இடத்தில் வைத்து, அங்கேயே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்திருக்கிறான். மறுநாளே "நீயும் அப்படியா?" என்று கேலி வந்தது. "இல்லை. இருந்தா என்ன?" என்று கேட்டானாம். இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லவில்லை, அந்தப் பையன்தான் சொன்னான்.

நீ பயப்படுவது 'பழக்கம்' என்று. இது பழகி வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. சேர்ந்து படிப்பதாலோ சேர்ந்து விளையாடுவதாலோ யாரும் இப்படி ஆவதில்லை. அப்படி ஒட்டிக்கொள்ளும் என்றால், சுற்றிலும் இருக்கும் நம்மைப் பார்த்து அந்தப் பையன் அல்லவா எப்போதோ மாறியிருக்க வேண்டும்?

எனக்கு இந்த நட்பு ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று சொல்கிறேன். அந்தப் பையன் பள்ளி மன்றத்துக்குப் போகிறான். அங்கே இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். "அப்பா பேசலைன்னா வீட்டை விட்டு வந்துடேன்" என்கிறார்கள். அம்மாவையும் தம்பியையும் விட்டு ஏன் வர முடியாது என்று அவர்களுக்குப் புரியவைக்க இவனால் முடியவில்லை. தமிழர்கள் கூடும் இடத்துக்குப் போனால், இவன் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ஓரிடத்தில் தமிழன் என்பதை விளக்க வேண்டும், இன்னோரிடத்தில் மற்றதை மறைக்க வேண்டும். நம் பெரியவனிடம் மட்டும் விளக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் இருவரும் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நான் பார்த்தவரை அந்தப் பையன் சத்தமாகச் சிரிப்பது அப்போது மட்டும்தான். அதை நான் எப்படி நிறுத்தச் சொல்வேன்?

நீ பிளஸ் ஒன் வகுப்பு எடுக்கிறவள், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். வயது வந்த ஒரே பாலினத்தவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 377ஆம் சட்டப்பிரிவைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு உனக்குத் தெரியும். 2021இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, மதுரையிலிருந்து வந்து ஒன்றாக வாழ விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். இவர்களை 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்தார். அத்தனை படித்தவர் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உன் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். யாரையாவது 'ஒம்போது' என்று பையன்கள் கூப்பிட்டால், காதில் விழாததுபோல் போய்விடாதே. அங்கேயே கண்டி. அவனோடு எப்போதும் ஒருவன் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இடம் மாற்றி வைக்காதே. உன்னிடம் யாராவது வந்து சொன்னால் அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகாதே. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்று அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலையில் ஊருக்கு வருகிறோம். "அத்தைகிட்ட நானே பேசுறேன்" என்கிறான் பெரியவன். அவன் தமிழ் கொஞ்சம் தடுமாறும். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேள், அக்கா. மாமாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி