மார்ச் 25க்கு முன்னம்

ஹரோ,
9 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்லி முடிக்க முதல் "அதெல்லாம் தெரியும் அம்மா" என்கிறாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசிக்கத்தானே வேண்டும்.

லண்டனில் இருக்கிற உன் குரோய்டன் பிளாட்டின் கடிதங்கள் இப்போது என் விலாசத்துக்குத்தான் வருகின்றன. போன கிழமை கிரவுண்ட் ரென்ட், அதாவது நில வாடகை, கேட்டு ஒன்று வந்தது. 250 பவுண். அது பெரிய விசயமில்லை, கட்டிவிடலாம். ஆனால் மேல்மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 25.03.2007 முதல் 99 ஆண்டுகள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வீடு உன்னிடம் இருக்கிற காலம், அந்த லீஸ், 2106இல் முடிகிறது. வருகிற மார்ச் 25ஆம் திகதி சரியாக 80 ஆண்டு மிச்சம். இன்றிலிருந்து நாலரை மாதம்தான் இருக்கிறது. அதற்கு முதல் லீஸை நீட்டக் கேட்காவிட்டால் செலவு நல்லாகக் கூடும், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நீ அந்த வீட்டை வாங்கும்போது "82 வருசம் கிடக்கு அம்மா, அதுக்குள்ள எனக்கு 112 வயசாகிவிடும்" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்மேலேயே கோபம் வருகிறது. ஏனென்றால் அதே சிரிப்பை உன் அப்பாவும் 2001இல் சிரித்தவர்.

நாங்கள் இந்த ஹரோ பிளாட்டை வாங்கியபோது லீஸில் 86 ஆண்டு இருந்தது. அப்போது பிடித்த சொலிசிற்றர் "99 வருச லீஸ், பிரச்சினை இல்லை" என்று சொல்லி, கையெழுத்துப் போடுகிற இடங்களில் மஞ்சள் தாள் ஒட்டித் தந்தார். ஒட்டின இடத்தில் எல்லாம் போட்டோம். ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் உறுதியை மூன்று பேருக்குக் காட்டி, வேலி எல்லை எது, கிணற்றில் பங்கு இருக்கிறதா என்று விசாரிக்கிற ஆட்கள் நாங்கள். 1995 இடப்பெயர்வில் அம்மப்பா நகையை மறந்தாலும் உறுதியை மறக்கவில்லை, பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு சாவகச்சேரி வரைக்கும் நடந்தவர். அவருடைய மகள் நான் 40 பக்க லீஸை வாசிக்காமல் வைத்துவிட்டேன்.

பிறகு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு, இருந்து வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் வீட்டின் வரைபடம், சுற்றிவரச் சிவப்புக் கோடு. உள்ளே என்ன எழுதியிருந்தது தெரியுமா? சுவரில் பூசிய பூச்சு எங்களுடையது, சுவர் நிலத்துச் சொந்தக்காரரான பிரீஹோல்டருடையது. நிலத்தில் அடித்த பலகை எங்களுடையது, அதன் கீழே உள்ள கொங்கிறீட் அவர்களுடையது. நாங்கள் வாங்கியது வீடு இல்லை தம்பி, காலம். ஊர்ப் பேச்சில் சொன்னால் நீண்ட குத்தகை. வருசம் போகப் போகக் குத்தகை கரைகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனாக்காரனுக்கு 99 வருசத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று 2017இல் இந்த வரவேற்பறையில் இருந்து அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் கத்திச் சண்டை பிடித்தார்கள். தாங்கள் இருந்து கத்துகிற கதிரைக்குக் கீழேயும் 99 வருசம்தான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதே 2017இல்தான் எங்களுக்கும் அடி விழுந்தது. ரேய்னர்ஸ் லேன் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்து, இதை விற்கப் போட்டோம். வாங்க வந்த இளம் சோடிக்கு வீடு நல்லாகப் பிடித்திருந்தது. ஆனால் அவர்களுடைய வங்கி, லீஸ் 70 ஆண்டுக்குக் கீழே என்று மோர்கேஜ், அதாவது வீட்டுக் கடன், கொடுக்க மறுத்துவிட்டது. அப்போதுதான் லீஸை நீட்டுவது என்றால் என்ன என்று ஓடித் திரிந்து படித்தோம்.

முதலில் பிரீஹோல்டரிடமிருந்து மிக அன்பான ஒரு கடிதம் வந்தது. சட்டம், நோட்டீஸ் ஒன்றும் வேண்டாம், 25,000 பவுண் தந்தால் லீஸைத் திரும்ப 99 ஆண்டாக்கித் தருகிறோம் என்று. அப்பா பேனையையே எடுத்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில், 100 பவுணாக இருந்த கிரவுண்ட் ரென்ட் 300 ஆகும், 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று இருந்தது. நான் கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தேன். 2067இல் ஆண்டுக்கு 9,600 பவுண்! அப்பா பேனையை மூடி வைத்தார். (2022இல் வந்த சட்டம் இந்த விளையாட்டை நிறுத்திவிட்டது. நீட்டித்துத் தருகிற ஆண்டுகளுக்கு இனிமேல் கிரவுண்ட் ரென்ட் கேட்க முடியாது. பழைய லீஸின் மிச்ச ஆண்டுகளுக்கு மட்டும் இருந்ததைத் தொடரலாம். உனக்கும் அப்படி ஒரு அன்பான கடிதம் வந்தால் இரண்டாம் பக்கத்தை முதலில் வாசி.)

கடைசியில் சட்டப்படி போனோம். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிளாட்டின் லீஸ்காரர் கேட்டால் 90 ஆண்டு கூட்டிக் கொடுத்தே ஆக வேண்டும், கிரவுண்ட் ரென்டும் இல்லாமல் போகும். விலையில்தான் சண்டை. வீட்டுக்கு விலை மதிக்கிற அவர்களுடைய சேர்வேயர் 41,000 என்றார், எங்களுடையவர் 26,000 என்றார், 33,000இல் வந்து நின்றது. இரண்டு பக்கச் செலவும் எங்கள் தலையில், அது வேறாக 4,000. நியாயமான அளவுக்கு எதிராளியின் சொலிசிற்றருக்கும் சேர்வேயருக்கும் நாங்களே கட்ட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ரேய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வைத்திருந்த முற்பணம் அதோடு போயிற்று. கறிவேப்பிலை இன்னமும் குசினி யன்னலோரச் சாடியில்தான் நிற்கிறது.

அந்த 33,000இல் பெரும் பங்கு மேரேஜ் வேல்யூ என்ற ஒன்றுக்குத்தான் போனது. அப்பா அதைக் கேட்டுவிட்டு "கலியாணம் ஆருக்கு? சீதனம் மட்டும் நான் கட்டுறதோ?" என்றார். சொலிசிற்றர் பெட்டைக்கு விளங்கவில்லை, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சீதனம் என்று சொன்னால்தான் எனக்கு அது விளங்குகிறது. லீஸை நீட்டினால் வீட்டின் பெறுமதி ஏறும் அல்லவா? அந்த ஏற்றத்தில் பாதி பிரீஹோல்டருக்கு. ஆனால் லீஸில் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பாதி கிடையாது, ஒரு பென்னிகூடக் கேட்க முடியாது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கோடு அது. எங்களுடைய லீஸ் 2006 நத்தார் தினத்தன்று அந்தக் கோட்டைத் தாண்டியது. நாங்கள் அன்றைக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம்.

இனி உன்னுடைய கணக்குக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு, நீண்ட லீஸோடு உன் பிளாட் 300,000 பவுண் பெறும் என்று வை. 80 ஆண்டு கழித்து லீஸ் முடியும்போது பிரீஹோல்டருக்குக் கிடைக்கப்போகிற 300,000ஐ, சேர்வேயர்மார் வழக்கமாகப் பிடிக்கிற 5 வீதப்படி குறைத்துக் கொண்டுவந்தால் இன்றைக்கு 6,000 அளவில். 250 பவுண் கிரவுண்ட் ரென்டைப் பிரீஹோல்டர் இழப்பதற்கு இன்னொரு 4,000. ஆக 10,000, இரு பக்கச் செலவு தனி. இதே வீட்டுக்கு மார்ச் 26ஆம் திகதி லீஸை நீட்டக் கேட்டு நோட்டீஸ் போட்டால்? இப்போதைய லீஸோடு வீடு 270,000தான் பெறும் என்று சேர்வேயர் சொன்னால், 30,000 ஏற்றத்தில் அந்த 10,000ஐக் கழித்து மிச்சத்தில் பாதி, இன்னொரு 10,000. ஒரு நாள் பிந்தினதற்கு விலை இரட்டிப்பு. சேர்வேயருக்குச் சேர்வேயர் இந்த எண்கள் மாறும், அதனால் உன் பிளாட்டைப் போய்ப் பார்க்கிற ஒருவரின் கணக்கு வேண்டும். ஆனால் கோடு மாறாது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "புதுச் சட்டம் வந்திட்டுது அம்மா, 990 வருசம் தருவாங்கள், மேரேஜ் வேல்யூவும் இல்லை, பொறுங்கோ." வந்ததுதான். நீ சாவி வாங்கின அதே 2024 மே மாதம் 24ஆம் திகதி நிறைவேறியது. ஆனால் நீ சொல்லுகிற அந்த இரண்டும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பிரீஹோல்டர்கள் வழக்குப் போட்டார்கள், போன மாதம் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நல்லது. அதற்காக மார்ச்சுக்குள் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று யார் உனக்கு எழுதித் தந்தது? மேரேஜ் வேல்யூ ஒழிவது 80க்குக் கீழே விழுந்தவர்களுக்குத்தான் பெரிய நிவாரணம். நீ இன்னும் விழவே இல்லையே. விழுந்துவிட்டுச் சட்டம் வந்து தூக்கும் என்று ஏன் பார்த்திருக்க வேண்டும்? இப்போது 90 கூட்டினால் 170 ஆண்டு. 990 ஆண்டு உனக்கு எதற்கு? 990 ஆண்டுக்கு முதல் பொலன்னறுவையில் சோழர் ஆட்சி. அவ்வளவு தூரம் நீ திட்டம் போடத் தேவையில்லை.

அந்தப் புதுச் சட்டத்தில் உனக்கு உண்மையாகவே உதவுகிற ஒன்று ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு வீடு வாங்கி இரண்டு ஆண்டு முடியாமல் லீஸை நீட்டக் கேட்கவே முடியாது. உனக்கு இரண்டு ஆண்டு முடிவது 2026 மே, கோடு விழுவது மார்ச். இரண்டு மாதத்தால் மாட்டுப்பட்டிருப்பாய். அந்த விதியை இந்த வருசம் ஜனவரி 31ஆம் திகதி எடுத்துவிட்டார்கள். பிள்ளையார் வழிவிட்ட மாதிரித்தான், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

அப்போ செய்ய வேண்டியது. லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற காணிப் பதிவகத்தில் 7 பவுண் கட்டிப் பிரீஹோல்டர் யார் என்ற பதிவை எடு. உன்னிடம் கட்டிடப் பராமரிப்புக்குச் சேவிஸ் சார்ஜ் வாங்குகிற மெனேஜிங் ஏஜென்ட் பிரீஹோல்டர் இல்லை, அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி ஏமாறாதே. பிறகு இந்த வேலையையே செய்கிற ஒரு சொலிசிற்றரும் சேர்வேயரும் வேண்டும். வீடு வாங்கியபோது பிடித்தவர் மலிவு என்று அவரிடமே போகாதே, அது வேறு வேலை. நோட்டீஸில் நாங்கள் ஒரு விலை எழுத வேண்டும். குறைவாக எழுதலாம், ஆனால் பகிடிக்கு எழுதக் கூடாது. எங்கள் விலை நியாயமே இல்லை என்று நோட்டீஸையே செல்லாமல் ஆக்கப் பார்ப்பார்கள். நோட்டீஸ் கொடுத்த அன்றே விலைக்கான நாள் நிலைத்துவிடும். அதன்பிறகு பேச்சு இழுபட்டு 80க்குக் கீழே போனாலும் பயமில்லை. நீ இதற்காக வரவும் தேவையில்லை, 2014இலிருந்து உனக்காகச் சொலிசிற்றரே கையெழுத்து வைக்கலாம். முற்பணமாக நோட்டீஸில் எழுதின விலையில் 10 வீதம் கேட்பார்கள், அதைத் தயாராக வைத்திரு. மோர்கேஜ் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும், அதைச் சொலிசிற்றர் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். நோட்டீஸ் போட்டதோடு முடிந்தது என்று படுத்துவிடாதே. அவர்கள் பதில் நோட்டீஸ் தந்து, விலை ஒத்துவராவிட்டால், பதில் தந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நாங்கள் ட்ரைபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் திகதியைத் தவறவிட்டால் நோட்டீஸை நீயே திரும்ப எடுத்ததாகக் கணக்கு. மறுபடி போட 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நீ கோட்டுக்கு அந்தப் பக்கம். சொலிசிற்றரின் டயறியை நம்பாதே. நான் இங்கே கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன்.

வேலை முடிந்தால் உன்னுடைய கிரவுண்ட் ரென்டும் என்னுடையதைப் போல ஒரு மிளகு. பகிடி இல்லை, இந்த நாட்டுச் சட்டப் பேச்சில் அதற்குப் பெயரே அதுதான், பெப்பர்கோர்ன். எங்களுடையது முடிந்த அன்றைக்கு அப்பா குசினியில் மிளகுப் போத்தலைத் திறந்து, நல்ல கறுத்த மணி ஒன்றைத் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் செலோடேப் போட்டு ஒட்டி, பிரீஹோல்டரின் விலாசத்தையும் எழுதி வைத்தவர். அவர்கள் கேட்டால் மட்டும் கொடுத்தால் போதும் என்று சொலிசிற்றர் பெட்டை சொன்னதால் அனுப்பவில்லை. அந்தத் தாள் இன்னும் லீஸ் கோவைக்குள் இருக்கிறது. 2176 வரைக்கும் வீடு எங்களுடையது. அந்தக் கடைசி டிசம்பரை ஆர் பார்க்கப்போகிறார்களோ தெரியாது. மிளகை ஒட்டி வைத்த உன் அப்பா அதன்பிறகு நாலு வருசம்கூட இருக்கவில்லை.

சரி. இரண்டு சொலிசிற்றர்மாரிடம் நாளைக்கு விலை கேட்கிறேன். நீ லீஸின் முழுப் பிரதியையும், வாங்கியபோது வந்த மோர்கேஜ் கடிதத்தையும் இந்தக் கிழமைக்குள் அனுப்பு. அனுப்பாவிட்டால் மருமகளுக்கு எடுத்துக் கேட்பேன்.

அப்புறம், உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றார்கள். ஆள் அனுப்பித் திருத்தியாயிற்று. 90 பவுண். வோசர் தேய்ந்திருந்ததாம். ரசீதைக் கோவையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா