பிளாக் இல்லை என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சுகர் மாத்திரை கேட்டு ஆள் வராத நாளே எங்கள் கடையில் கிடையாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சில நாள் முன்பு வந்தார். "ஏம்மா, ஆஞ்சியோ பண்ணிட்டாங்க, பிளாக் எதுவும் இல்லையாம். இந்த மூச்சு வாங்கறது வாயுதான். ஏதாவது மாத்திரை குடேன்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு இழுத்தார். பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் தெரிந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, காலில் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி ஒரு தலையணை போதவில்லை, மூன்று வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாராம். இதெல்லாம் இதயம் திணறுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், வாயு மாத்திரை கொடுக்காமல், அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் அந்த "பிளாக் இல்லை" என்ற வார்த்தைதான். இதயம் கெடுவதற்கு ரத்தக்குழாய் அடைப்பது ஒரு வழி. சர்க்கரை நோய் அடைப்பே இல்லாமலும் இதயத் தசையை நேரடியாகக் கெடுக்கும். 1972-லேயே அமெரிக்காவில் ரூப்ளர் என்ற மருத்துவரின் குழுவினர், இதயம் செயலிழந்து இறந்த நான்கு சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்குக் காரணம் என்று சொல்லும்படி குழாய் அடைப்பு எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஃப்ராமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊர் மக்களிடம் நடந்த ஆய்வில், சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு (இதயம் தேவையான அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுவது) ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று தெரிந்தது. பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதயத் தசை கொழுப்பு, சர்க்கரை இரண்டையும் எரித்துத்தான் ஓடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, ரத்தத்தில் சர்க்கரை நிரம்பிக் கிடந்தாலும் தசையால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும், எரியாத கொழுப்பு தசைக்குள்ளேயே தங்கும். இன்னொரு பக்கம், மிகுதியான சர்க்கரை தசையைச் சுற்றியுள்ள புரத நார்களில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் இதயம் வெயிலில் காய்ந்த ரப்பர் மாதிரி விறைத்துப்போகும். சுருங்குவதில் குறை இருக்காது, விரிந்து ரத்தத்தை வாங்குவதில்தான் குறை. உள்ளே போக இடமில்லாத ரத்தத்தின் அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது, மூச்சு முட்டுகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் "பம்பிங் 60, நார்மல்" (அதாவது சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் அளவு சரி) என்று வந்தவருக்கும் இளைப்பு வருவது இதனால்தான். அதே அறிக்கையில் கீழே "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" (விரிவதில் குறை) என்று ஒரு வரி இருந்தால், அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கடையில் நான் பார்ப்பது இதைவிடக் கவலையாக இருக்கிறது. பழைய சீட்டைக் கசங்கக் கசங்க வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதே மாத்திரையை வாங்குகிறார்கள். அதில் பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து இருந்தால், அது உடம்பில் நீரைத் தேக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகவே ஆகாது. கால் வீங்கி வலிக்கிறதே என்று சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்பார்கள், அதுவும் நீரைத் தேக்கும். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடையில் கிடைத்துவிடுகிறது. மருந்தாளுநர்களாகிய நாங்கள் எல்லோரும் ஒரே பேச்சாக நிற்க வேண்டிய இடம் இது.

நல்ல செய்தியும் உண்டு. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள சர்க்கரை நோயாளிகள் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதை 35 சதவீதம் குறைத்தது என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது. அதுவும் அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினும் காப்புரிமை முடிந்து இப்போது நன்றாகவே விலை இறங்கியிருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேட்கவாவது செய்யலாமே.

இலவச சர்க்கரை முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரலில் குத்தி ரத்தம் எடுக்கும்போதே, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் முட்டுகிறதா என்று கேட்டுவிட்டு, காலையும் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். இதயத்தின் திணறலைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது, என்.டி. ப்ரோ பி.என்.பி. என்று பெயர். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த மாதிரிப் பரிசோதனையை வருடம் ஒருமுறை செய்யலாம் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் அறிக்கை 2022-லேயே சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு இதை இலவசமாக எடுத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

நவம்பர் 14 நீரிழிவு தினத்தன்று கண், சிறுநீரகம், கால் புண் பற்றியெல்லாம் விரிவாக எழுதுகிறீர்கள். இந்த வருடம் இதயத் தசைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி